காட்சியைச் சொல்லும் குரல் எந்த மொழியில்? எல்லையோரச் சித்தூர் எழுப்பும் கேள்வி

சித்தூர் (பாலக்காடு): பார்வை மாற்றுத்திறனாளிகள் திரைப்படங்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் பின்தொடர உதவும் ஒலி விவரிப்பு வசதி, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளும் 2024 மார்ச் 15 அன்று வெளியாகின. ஆனால், அந்த விவரிப்பு பார்வையாளரின் மொழியில், அவர் செல்லும் திரையரங்கில் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் கேரள எல்லைப் பகுதிகளில் இக்கேள்வி கூடுதல் கனத்துடன் எழுகிறது.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம், கோவை மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என நீளும் இதன் கிழக்குப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் கணிசமாக வாழ்கின்றனர். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இயங்கி வருகிறது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டப் பகுதிகளும் இத்தகையவையே. இங்குள்ள திரையரங்குகளில் ஒரு வாரம் மலையாளப் படமும், மறு வாரம் தமிழ்ப் படமும் ஓடுவது புதிதல்ல. பார்வையுள்ளவருக்கு இது கூடுதல் வாய்ப்பு. பார்வையற்றவருக்கோ, இரண்டு மொழிகளிலும் வசனம் கேட்கும். இரண்டிலும் காட்சி மட்டும் தெரியாது.

ஒலி விவரிப்பு என்பது என்ன?

ஆடியோ டிஸ்கிரிப்ஷன் எனப்படும் ஒலி விவரிப்பு, ஒரு படத்தின் வசனங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் காட்சியைச் சுருக்கமாகச் சொல்லும் தனிக் குரல் பதிவாகும். கதாநாயகன் கதவைத் திறக்கிறான், தாய் கடிதத்தைக் கிழிக்கிறாள், கூட்டத்தில் ஒருவன் கத்தியை மறைக்கிறான் போன்ற செய்திகளை அக்குரல் தருகிறது. திரையரங்கில் இதைக் கேட்க விரும்புவோர் மட்டும் காதொலிக் கருவி வழியாகக் கேட்கலாம். அருகில் இருப்பவருக்கு எவ்வித இடையூறும் இல்லை.

இதனை வழங்க இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, திரையரங்கின் சொந்தக் கருவி. இன்றைய திரையரங்குகளுக்குப் படம் வந்து சேரும் டிஜிட்டல் தொகுப்பில் 16 ஒலித்தடங்களுக்கு இடமுண்டு. அவற்றுள் 8ஆவது தடம் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான விவரிப்புக்கென ஒதுக்கப்படுகிறது. அத்தடத்தைக் கம்பியில்லா முறையில் காதொலிக் கருவிகளுக்கு அனுப்பினால் போதும். இரண்டாவது வழி, கைப்பேசிச் செயலி. பார்வையாளர் விவரிப்புக் கோப்பை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துகொள்கிறார். அரங்கில் ஒலிக்கும் ஓசையைச் செயலி கேட்டு, படம் எந்த நொடியில் ஓடுகிறது எனக் கணித்து, விவரிப்பை அதனுடன் இணைத்து ஒலிக்கச் செய்கிறது. இம்முறையில் திரையரங்கு தனியாகக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. சிறு நகரத் திரையரங்குகளுக்கு இது ஏற்ற வழியாகும்.

ஆக, தொழில்நுட்பம் தடையல்ல. விவரிப்பு எழுதப்பட்டுப் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

பார்வையற்றோரால் தொடங்கிய முயற்சி

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், பார்வையிழந்தவரான மார்கரெட் பான்ஸ்டீல், பின்னாளில் தமது கணவரான கோடியுடன் இணைந்து, 1981ஆம் ஆண்டில் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில் நேரடி விவரிப்பைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன்பே அவர் பார்வையற்றோருக்கு நாளிதழ்களை வாசித்துக் காட்டும் வானொலிச் சேவை ஒன்றை நடத்தி வந்தவர். 1990இல் பாஸ்டன் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் இதனைச் சின்னத்திரைக்குக் கொண்டு சென்றது. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் 10 விழுக்காட்டுக்கு ஒலி விவரிப்பு இருக்க வேண்டும் என்ற இலக்கை நோக்கி அலைவரிசைகளைச் செலுத்தியது.

2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டேர்டெவில்' தொடரின் நாயகன் பார்வையற்ற வழக்கறிஞர். அத்தொடரைப் பார்வையற்றோரே பின்தொடர முடியவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. சில நாள்களில் அந்நிறுவனம் ஒலி விவரிப்பைச் சேர்த்தது.

தமிழ், மலையாளத் திரைக்கும் இதே முரண் பொருந்தும். 1981இல் வெளியான 'ராஜபார்வை' படத்தில் கமல்ஹாசன் பார்வையற்ற வயலின் கலைஞராக நடித்தார். 1999இல் மலையாளத்தில் வந்த 'வாசந்தியும் லட்சுமியும் பின்னே ஞானும்' படம், 2001இல் விக்ரம் நடிப்பில் 'காசி' எனத் தமிழுக்கு வந்தது. எல்லையின் இருபுறமும் கண்ணீருடன் பார்க்கப்பட்ட கதை அது. அப்படங்கள் வெளியான காலத்தில், அவற்றில் சித்தரிக்கப்பட்டவர்கள் காட்சியை அறிந்துகொள்ளத் திரையரங்குகளில் எந்த ஏற்பாடும் இருந்ததில்லை.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதன் 30ஆவது பிரிவு, தொலைக்காட்சி, திரைப்படம், நாடகம் ஆகியவற்றை அணுகத்தக்க வடிவில் பெறுவதைப் பண்பாட்டு உரிமையாக வரையறுக்கிறது. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மின்னணு ஊடகங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கு ஒலி விவரிப்பு, சைகைமொழி பெயர்ப்பு, வசன எழுத்துகள் ஆகியவற்றை வழங்க உரிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என அச்சட்டத்தின் 42ஆவது பிரிவு கூறுகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 50 லட்சம் பேர். தமிழகத்தில் சுமார் 1.27 லட்சம் பேரும், கேரளத்தில் சுமார் 1.15 லட்சம் பேரும் இவ்வகையில் பதிவாகியுள்ளனர். முற்றிலும் பார்வையற்றோர் மட்டுமின்றி, குறைந்த பார்வை உடையோருக்கும் ஒலி விவரிப்பு பயன் தரும் என்பதால், இதன் தேவை இந்த எண்ணிக்கையுடன் நின்றுவிடுவதில்லை. முதுமையில் பார்வை மங்கியவர்களும் இதன் பயனாளிகளே.

சட்டம் வந்த பிறகும் திரையரங்குகளில் மாற்றம் தென்படாத நிலையில், இவ்விவகாரம் நீதிமன்றத்தை எட்டியது. 'பதான்' இந்தித் திரைப்படத்தில் அணுகல் வசதிகள் இல்லை எனக் கூறி, சட்ட மாணவர், வழக்கறிஞர்கள் உள்ளிட்டோர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதிபதி பிரதிபா எம். சிங் 2023 ஜனவரி 16 அன்று பிறப்பித்த உத்தரவில், அப்படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஒலி விவரிப்பு, வசன எழுத்துகள் ஆகியவற்றைத் தயாரித்துத் தணிக்கை வாரியத்திடம் சமர்ப்பிக்குமாறு தயாரிப்பு நிறுவனத்துக்கு ஆணையிட்டார். படம் திரைக்கு வர 9 நாள்களே இருந்ததால், திரையரங்க வெளியீடு அந்த ஆணைக்குள் வரவில்லை.

இவ்வழக்கின் தொடர்ச்சியாகவே 2024 மார்ச் 15 அன்று தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான அணுகல்தன்மை வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்று பெறும் படங்கள் 6 மாதங்களுக்குள் செவித்திறன் குறைந்தோருக்கும் பார்வைக் குறைபாடு உடையோருக்கும் தலா ஒரு வசதியையேனும் வழங்க வேண்டும். தேசிய திரைப்பட விருதுகள், இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழா ஆகியவற்றுக்கு அனுப்பப்படும் படங்கள் 2025 ஜனவரி 1 முதல் இவ்வசதிகளைக் கொண்டிருக்க வேண்டும் என அதில் கூறப்பட்டது. ஏனைய படங்கள் அடுத்த கட்டத்தில் சேர்க்கப்பட்டன.

'பன்மொழி' என்பதன் பொருள்

இந்தப் படிநிலை எல்லையோர மக்களுக்கு எத்தகையது என்பதைச் சற்று ஆராய வேண்டும். 'ஒன்றுக்கு மேற்பட்ட மொழி' என்பது, படம் எத்தனை மொழிகளில் சான்று பெற்றது என்பதைக் குறிக்கிறது. எத்தனை மாநிலங்களில் திரையிடப்படுகிறது என்பதை அன்று. தமிழில் மட்டும் சான்று பெற்ற ஒரு படம் பொள்ளாச்சியிலும் சித்தூரிலும் மூணாறிலும் ஒரே நாளில் வெளியானாலும், அது ஒருமொழிப் படமே. ஆகவே முதற்கட்டக் கடமை அதற்குப் பொருந்தாது. பல கோடி ரூபாயில் எடுக்கப்பட்டு 4, 5 மொழிகளில் வரும் பெரும் படங்களே முதலில் வரம்புக்குள் வந்தன.

அப்பெரும் படங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியில் எடுக்கப்பட்டுத் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றில் மொழிமாற்றம் பெறும் படத்துக்கு, ஒரு மொழியில் மட்டும் விவரிப்பு தயாரித்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதினால் என்ன நேரும்? வசனம் தமிழிலும் விவரிப்பு இந்தியிலுமாக ஒலிக்கும். இந்தி அறியாத ஒருவருக்கு அந்த ஒலித்தடம் இருந்தும் பயனில்லை. வசன எழுத்தை மொழிபெயர்ப்பது போல விவரிப்பையும் மொழிபெயர்க்க வேண்டும்; அதற்குத் தனிக் குரல் பதிவும் வேண்டும். ஒவ்வொரு மொழிப் பதிப்பும் தன் விவரிப்புடன் வெளியாக வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கத்துக்கு இசைவான விளக்கமாக இருக்கும்.

கேரளத்தில் இதற்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுடன் தத்தம் மொழியில் தொடர்புகொள்ள வகை செய்கிறது. மாநில அரசின் விண்ணப்பத்தில் தமிழுக்கு இடமுண்டு என்றால், அரசின் கடமையாகச் சட்டம் வகுத்துள்ள ஒலி விவரிப்பில் தமிழுக்கு இடமில்லாமல் போகக் காரணமில்லை.

சான்று ஓரிடம், உரிமம் வேறிடம்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி, திரைப்படங்களைப் பொதுக் காட்சிக்கு அனுமதிப்பது மத்தியப் பட்டியலின் 60ஆவது இனம். திரையரங்குகள் மாநிலப் பட்டியலின் 33ஆவது இனத்தில் வருகின்றன. இதன்படி, படத்துக்குச் சான்று வழங்குவது மத்திய தணிக்கை வாரியம். திரையரங்குக்கு உரிமம் வழங்குவது, தமிழகத்தில் 1955ஆம் ஆண்டின் சட்டப்படியும், கேரளத்தில் 1958ஆம் ஆண்டின் சட்டப்படியும் மாநில அரசின் அதிகாரிகள்.

ஒலி விவரிப்பு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒலித்தடம் படத்துடன் பயணிக்கிறது. காதொலிக் கருவி திரையரங்கில் தங்குகிறது. தயாரிப்பாளர் ஒலித்தடத்தை அனுப்பியும் திரையரங்கில் கருவி இல்லாவிட்டால் பயனில்லை. திரையரங்கு கருவி வாங்கி வைத்தும் படத்தில் தடம் இல்லாவிட்டால் அதுவும் பயனற்றது. இருவரும் ஒருவரை ஒருவர் காரணம் காட்ட இடமிருக்கும் வரை, நுழைவுச்சீட்டுக்கு முழுத் தொகை செலுத்தும் பார்வையாளர் பாதிப் படத்துடன் திரும்ப வேண்டியுள்ளது.

உரிமம் புதுப்பிக்கும்போது தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று ஆகியவற்றைக் கேட்கும் மாநில அரசுகள், அணுகல் வசதியையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் இச்சிக்கலின் பாதி தீரும். இதற்கு நாடாளுமன்றத்தின் புதிய சட்டம் தேவையில்லை. மாநில அரசுகள் தம் விதிகளில் செய்யக்கூடிய திருத்தமே போதும்.

கேரளத்தைப் பொறுத்தவரை ஒரு தனிச் சாதகமும் உள்ளது. 1975இல் நிறுவப்பட்ட கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு முதலிய நகரங்களுடன் சித்தூரிலும் திரையரங்கு கொண்டுள்ள அரசு நிறுவனம். நாட்டிலேயே அரசு நடத்தும் முதல் ஓடிடி தளம் என அறிவிக்கப்பட்ட 'சி ஸ்பேஸ்' தளத்தையும் அக்கழகமே 2024 மார்ச்சில் தொடங்கியது. தனியார் திரையரங்குகளிடம் வலியுறுத்துவதற்கு முன், அரசு தன் சொந்த அரங்கிலும் தன் சொந்தத் தளத்திலும் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் விவரிப்பை வழங்கிக் காட்ட முடியும். 42ஆவது பிரிவு கடமையைச் சுமத்துவது முதன்மையாக அரசின் மீதே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

பரிந்துரையா, கட்டாயமா?

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இவ்விவாதத்தின் திசையை மாற்றியது. அணுகல்தன்மை விதிகள் கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கும்போது, 2017ஆம் ஆண்டு விதிகளின் 15(1)ஆவது விதி அவற்றை வெறும் பரிந்துரைகளாக்கிவிட்டது என அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு கண்டது. அவ்விதி சட்டத்துக்குப் புறம்பானது எனக் கூறிய நீதிமன்றம், விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படை விதிகளை வகைப்படுத்தி வெளியிட மத்திய அரசுக்கு 3 மாத அவகாசம் அளித்தது.

தொடர்ந்து 2025 ஏப்ரல் 30 அன்று, இணையவழி வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என உச்ச நீதிமன்றம் தெரிவித்தது.

இத்தீர்ப்புகளின் ஒளியில் பார்த்தால், 'வழிகாட்டு நெறிமுறைகள்' என்ற பெயரில் உள்ள திரையரங்க ஏற்பாட்டின் வலு குறித்து இயல்பாகவே ஐயம் எழுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தையோ அதன் விதிகளையோ மீறினால், முதல் முறை 10,000 ரூபாய் வரையும், தொடர்ந்து மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆவது பிரிவு வகை செய்கிறது. நெறிமுறை விதியாக மாறாத வரை, அபராதத்தின் பிடிக்குள் அதைக் கொண்டுவருவது எளிதன்று.

தொலைக்காட்சியில் விடுபட்ட பாதி

திரையரங்குக்குச் செல்ல இயலாதோருக்கு வீட்டுத் தொலைக்காட்சியே பொழுதுபோக்கு. அங்கு நிலைமை இன்னும் பின்தங்கியுள்ளது. 2019 செப்டம்பரில் வெளியிடப்பட்ட தொலைக்காட்சி அணுகல்தன்மைத் தரநிலைகள், அவற்றின் தலைப்பிலேயே குறிப்பிட்டவாறு, செவித்திறன் குறைந்தோருக்கானவை. வசன எழுத்தும் சைகைமொழியும் அதில் இடம்பெற்றன. ஒலி விவரிப்பு இடம்பெறவில்லை. ஒரே சட்டப் பிரிவில் அருகருகே எழுதப்பட்ட வசதிகளில் ஒன்று மட்டும் பின்தள்ளப்பட்டது.

ஓடிடி தளங்களைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் இணைக்கப்பட்ட நெறிமுறைத் தொகுப்பு, இயன்ற வரை அணுகல்தன்மையை மேம்படுத்த நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று மட்டுமே கூறியது. 2025 அக்டோபரில் தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் ஓடிடி தளங்களுக்கெனத் தனி வரைவு நெறிமுறைகளை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்துகளைக் கோரியது. பன்னாட்டுத் தளங்கள் தம் ஆங்கிலத் தொடர்களுக்கு விவரிப்பை வழக்கமாக வழங்குகின்றன. அதே தளத்தில் உள்ள தமிழ், மலையாளப் படங்களுக்கு அவ்வழக்கம் பரவுவதே அடுத்த தேவை.

தமிழில் விவரிப்பது எப்படி?

ஒலி விவரிப்புக்கு இருக்கும் இடைவெளி பெரும்பாலும் 2 அல்லது 3 நொடிகள். அதற்குள் கதையின் போக்குக்கு இன்றியமையாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வசனத்தின் மீது ஏறக் கூடாது. கண்ட காட்சியைச் சொல்ல வேண்டுமே தவிர, அதன் உட்பொருளை விளக்கக் கூடாது. 'அவள் வருத்தப்படுகிறாள்' என்பது விளக்கம். 'அவள் கண் கலங்குகிறது' என்பது விவரிப்பு. படம் பின்னர் வெளிப்படுத்தும் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் பிழை.

ஆங்கில விவரிப்பை அப்படியே மொழிபெயர்த்தால் தமிழில் பொருந்தாது. தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருகிறது. இடைவெளி முடிந்து வசனம் தொடங்கிவிட்டால், செயலைச் சொல்லும் சொல்லே மூழ்கிப்போகும். அதே வேளையில் தமிழ் வினைமுற்று, செய்தவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்பதைத் தன்னுள் கொண்டிருக்கிறது. 'ஓடுகிறாள்' என்ற ஒற்றைச் சொல் போதுமானது. 'அவள்' எனத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சுருக்கம் தமிழ் விவரிப்புக்கு வாய்த்த வசதி.

அதனுடன் ஒரு பொறுப்பும் சேர்கிறது. ஆங்கிலத்தில் முதியவரும் சிறுவனும் ஒரே வினையைப் பெறுவர். தமிழில் 'வருகிறான்' என்பதா, 'வருகிறார்' என்பதா என விவரிப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். தோட்டத் தொழிலாளியை 'வருகிறான்' என்றும், முதலாளியை 'வருகிறார்' என்றும் சொன்னால், திரையில் இல்லாத ஏற்றத்தாழ்வைக் குரல் உண்டாக்கிவிடும். பாடல் காட்சிகளும் கடினமானவை. பாடல் வரிகளைக் கேட்கவிட வேண்டும். நடனத்தையும் இடமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். இவற்றுக்கான மரபைத் தமிழே உருவாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

இதில் பார்வையற்றோரின் பங்கு இன்றியமையாதது. எழுதப்பட்ட விவரிப்பைக் கேட்டு, எது புரிகிறது, எது மிகை, எது விடுபட்டது எனச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. 2024 ஜூலையில் 'ஆங்க் மிச்சோலி' இந்திப் படம் தொடர்பான வழக்கில், மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிக்கும் படைப்புகளில் அவர்களின் பங்கேற்பு இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. விவரிப்புப் பணிக்கு அது மேலும் பொருந்தும். தமிழும் மலையாளமும் அறிந்த பட்டதாரிகளை உருவாக்கும் சித்தூர் போன்ற பகுதிகளில், பயிற்சி அளித்தால் இது வேலைவாய்ப்பாகவும் அமையும்.

மண்ணுக்குப் புதிதல்ல

காட்சியைச் சொல்லால் விளக்கும் மரபு இப்பகுதிக்கு அந்நியமானதன்று. பாலக்காடு மாவட்டத்தின் பகவதி கோயில்களில் உள்ள கூத்துமாடங்களில் நிகழும் தோல்பாவைக் கூத்தில், திரையில் நிழல்கள் அசைய, திரைக்குப் பின்னிருந்து கலைஞர்கள் கம்பராமாயணச் செய்யுள்களைப் பாடி, மலையாளம் கலந்த மொழியில் விரித்துரைப்பர். நிழலைப் பாராதவரும் குரலைக் கொண்டு கதையைத் தொடர முடியும். ஒரே இரவில் இரு மொழிகளும் ஒலிக்கும் அரங்கு அது.

மௌனப்படக் காலத்தில் தமிழகத் திரையரங்குகளில் திரையருகே நின்று கதையை உரக்க விளக்கும் விளக்குநர்கள் இருந்தனர். பின்னாளில் வானொலி, திரைப்படங்களின் ஒலியைச் சுருக்கி 'ஒலிச்சித்திரம்' என ஒலிபரப்பியது. கண் தெரிந்தவரும் தெரியாதவரும் சமமாக அமர்ந்து ஒரு படத்தை அனுபவித்த நேரம் அதுவாக இருக்கலாம்.

அடுத்து என்ன?

ஒரு திரையரங்கிலோ, தளத்திலோ வசதி இல்லை எனில், பார்வையாளர் முதலில் திரையரங்கு நிர்வாகத்திடமும், பின்னர் உரிமம் வழங்கும் அதிகாரியிடமும் முறையிடலாம். சட்டத்தின் 80ஆவது பிரிவின்கீழ் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரை அணுகவும் வழியுண்டு. மத்திய அமைப்புகள் தொடர்பானவை எனில், தில்லியில் உள்ள தலைமை ஆணையரிடம் புகார் அளிக்கலாம். குறைகளைத் தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ, மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு வழங்குகிறது. எனவே சித்தூரைச் சேர்ந்த ஒருவர் தம் புகாரைத் தமிழிலேயே எழுதலாம்.

எனினும், ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் மனு எழுதிக் காத்திருப்பது தீர்வாகாது. மொழிப் பதிப்புதோறும் விவரிப்பு என்பதை விதியாக்குவது மத்திய அரசின் கையில் உள்ளது. கருவியையோ செயலி வசதியையோ உரிம நிபந்தனையாக்குவது மாநில அரசுகளின் கையில் உள்ளது. இரண்டும் ஒன்றுசேர்ந்தனவா என்பதைச் சென்னையிலோ கொச்சியிலோ உள்ள பெரும் வளாகங்களைக் கொண்டு அறிய முடியாது. கேரளத்தின் சிறு நகரத் திரையரங்கு ஒன்றில் தமிழ்ப் படம் ஓடும்போது, பார்வையற்ற ஒருவர் அதைத் தமிழில் முழுமையாகப் பின்தொடர முடிகிறதா என்பதே, 2016ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும்.